பேர் சொல்லும் வேலை

சத்யப்பிரியாவுக்குப் பொறாமை புதிதாக வந்த நோய் இல்லை. தா.பழூர் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், உண்ணாமலை என்கிற பெண் கணக்கில் முதல் மார்க் வாங்கிய அன்று, வயிறு வலிக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துக்கொண்டாள். நடவுக்குப் போய்த் திரும்பிய அவளுடைய அம்மா ஆண்டாயி ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். வலி நிற்கவில்லை. அடுத்த பரீட்சையில் உண்ணாமலையை முந்திய பிறகுதான் நின்றது. ஆண்டாயியும் ராசாங்கமும் ஊரார் வயலில் குனிந்த முதுகு நிமிராமல் உழைத்து அவளைப் படிக்க வைத்தார்கள் என்பது உண்மை. அந்தப் பாழாய்ப்போன வயிற்றுவலியும் பாதி படிக்க வைத்தது என்பதும் உண்மைதான்.

பெரம்பலூரில் இன்ஜினியரிங் முடித்தாள். அரியலூரைத் தாண்டி இருக்கும் ஒரு சிமெண்ட் ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்தது. பெரம்பலூரிலேயே பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த ரஞ்சித்குமாரைக் கட்டிக்கொண்டாள். காலையில் கம்பெனி பஸ், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து அரியலூர், சாயங்காலம் அதே வழியில் திரும்பி வீடு. வேலைக்குச் சேர்ந்த பிறகு வெகு காலம் அவளுக்கு வயிறு வலிக்கவே இல்லை. பொறாமைப்பட அங்கே ஆள் இல்லை. கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவளும் மேனேஜர் அமிர்தலிங்கமும்தான். அமிர்தலிங்கத்துக்கு மீட்டிங் போகவே நேரம் சரியாக இருந்தது.

அவளுடைய வேலையை இப்படிச் சொல்லலாம். ஆலையில் இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும், ஆட்களைச் சேர்த்து வைத்த ஒவ்வொரு குரூப்புக்கும் டைரக்டரி என்று ஒரு பெரிய பதிவிடம் உண்டு. அதில் ஒருவரைச் சேர்த்ததுமே அது அவருக்கு நீளமான ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். பேரெல்லாம் மனுசர்களுக்காகத்தான். இந்தக் கோப்பை யார் திறக்கலாம், அந்த பிரிண்டரை யார் தொடலாம் என்று கம்ப்யூட்டர் பார்ப்பது எண்ணை மட்டும்தான். கல்யாணமாகிப் பேர் மாறினாலும் எண் மாறாது. ஆள் வேலையை விட்டுப் போய், அவர் கணக்கை அழித்துவிட்டால், அவருக்கு உரிமை கொடுத்திருந்த இடங்களில் பேர் மறைந்துபோய் எண் மட்டும் அனாதையாக நிற்கும். அந்த எண் யாருடையது என்று கண்டுபிடித்துச் சொல்வது பெரிய தலைவலி.

சத்யப்பிரியாவுக்கு அது தலைவலி இல்லை. கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்தாலே போதும். "இது எடைமேடையில இருந்த வேணுகோபால் சார். ரிட்டயர் ஆயி ஊருக்குப் போயிட்டாரு" என்பாள். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவளும் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி காபியைக் குடிப்பாள்.

அப்படி இருந்த இடத்தில்தான் ருமைசா வந்து சேர்ந்தாள்.

லப்பைக்குடிக்காட்டுப் பெண். அத்தா துபாயில் கடை வைத்திருந்தார். அவளும் அங்கேயே ஒரு கம்பெனியில் இதே வேலையைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்திருந்தாள். வயது முப்பதுகூட ஆகவில்லை. முதல் நாளே ஒரு பெரிய டப்பா பேரீச்சம்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, நீங்கதான் முதல்ல எடுக்கணும்" என்று நீட்டினாள். சத்யப்பிரியா ஒன்று எடுத்துக்கொண்டாள். தித்திப்பாகத்தான் இருந்தது. அதுவே பிடிக்கவில்லை.

பிடிக்காமல் போக அந்தப் பெண் எதுவும் செய்யவில்லை என்பதுதான் பெரிய கொடுமை. கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் தன் வேலையைப் பார்ப்பாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் முதல் கரண்டி சத்யப்பிரியாவின் தட்டில்தான் விழும். குறை கண்டுபிடிக்கலாம் என்று சத்யப்பிரியா பல நாள் பார்த்தாள். கீபோர்டில் சத்தம் வராமல் டைப் அடிக்கிறாள் என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. அதையும் ஒரு குறையாக ரஞ்சித்குமாரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"சத்தம் வராம அடிக்கிறது நல்லதுதானே?" என்றான் அவன்.

"உங்களுக்கு ஒண்ணும் புரியாது. சாப்புடுங்க."

சென்னை தலைமை ஆபீசிலிருந்து ஆடிட் வந்தபோது விசயம் முற்றியது. எந்தெந்த ஃபோல்டருக்கு யார் யாருக்கு உரிமை இருக்கிறது என்று முழு விவரமும் வேண்டுமென்றார்கள். அமிர்தலிங்கம் இருவரையும் கூப்பிட்டார். உள்ளே கிடப்பது எல்லாம் எண்கள். ஆயிரக்கணக்கில்.

"ஒரு வாரம் ஆவும் சார்" என்றாள் சத்யப்பிரியா. நியாயமான கணக்குதான். ஒவ்வொன்றாகத் திறந்து, எண்ணைப் பார்த்து, பேரைத் தேடி எழுத வேண்டும்.

ருமைசா கொஞ்சம் தயங்கி, "சார், ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பாக்குறேனே" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அவள் எழுதிய நாலைந்து வரி ஒவ்வொரு எண்ணாக எடுத்துக்கொண்டு போய் டைரக்டரியில் கேட்டு, பக்கத்திலேயே பேரை வாங்கி வைத்துக்கொண்டு வந்தது. திரையில் பேர்கள் வந்து விழுந்துகொண்டே இருந்ததை அமிர்தலிங்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று பார்த்தார். பேர் அழிந்துபோன எண்களையும் ருமைசா விடவில்லை. அழித்த கணக்குகள் சில மாதம் கண்ணில் படாமல் டைரக்டரிக்குள்ளேயே ஒரு மூலையில் கிடக்கும். அங்கேயும் போய்த் தேடிப் பல பேரைக் கொண்டுவந்துவிட்டாள்.

"ஏம்மா சத்யா, ஒரு வாரம்னு சொன்னியே!" என்றார் அமிர்தலிங்கம். கேலி செய்கிற நோக்கம் அவருக்கு இல்லை. ஆனால் ஆடிட்டுக்கு வந்த இருவரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். ஒருவர் சிரித்தார்.

"எது எங்க இருக்குன்னு அக்காதான் சார் சொன்னாங்க. இல்லன்னா என்னால முடிஞ்சிருக்காது" என்றாள் ருமைசா.

அந்த வார்த்தை சத்யப்பிரியாவின் அடிவயிற்றில் போய்க் குத்தியது. தோற்றவளுக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசு போல இருந்தது அது.

சில எண்களுக்கு மட்டும் கடைசிவரை பேர் கிடைக்கவில்லை. அழித்து வருடக்கணக்கானவை. ருமைசா திரையை அவள் பக்கம் திருப்பினாள். "அக்கா, இதுல யாராவது உங்களுக்கு ஞாபகம் இருக்காங்களா?"

சத்யப்பிரியா பார்த்தாள். முதல் எண் வேணுகோபால். அடுத்தது கேன்டீனில் இருந்த மருதாயி அம்மாவின் மகன். மூன்றாவதும் தெரியும்.

"தெரியலியேம்மா" என்றாள்.

அவற்றுக்கு நேராக 'பேர் தெரியவில்லை' என்று எழுதி அனுப்பினார்கள். அன்றைக்கெல்லாம் அந்த மூன்று ஓட்டைகளை நினைத்து நினைத்துச் சந்தோசப்பட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னலில் தலையைச் சாய்த்தபோதுதான், தான் சந்தோசப்படுவது எவ்வளவு சின்ன விசயத்துக்கு என்று உறைத்தது. அதற்கும் சேர்த்து ருமைசாவின் மேலேயே கோபம் வந்தது.

ஆடிட் முடிந்த கையோடு ருமைசா இன்னொரு வேலையும் செய்தாள். சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவில் இருந்த ஆட்களுக்கெல்லாம் சத்யப்பிரியா இத்தனை காலம் தனித்தனியாக உரிமை கொடுத்து வைத்திருந்தாள். ருமைசா அவர்களை ஒரே குரூப்பில் போட்டு, அந்தக் குரூப்புக்கு மட்டும் எல்லா இடத்திலும் உரிமை கொடுத்தாள். புது ஆள் வந்தால் குரூப்பில் சேர்த்தால் போதும். போனால் எடுத்தால் போதும். சத்யப்பிரியாவின் பழைய வேலை முழுக்க ஒரு துணியால் துடைத்த மாதிரி காணாமல் போயிற்று. அந்த மாதமே சென்னையிலிருந்து மெயில் வந்தது. தலைமை ஆபீஸ் குழுவுக்கு இந்த ஆலையிலிருந்து ஒருவர் வேண்டும். யாரை அனுப்பலாம் என்று அமிர்தலிங்கம் ஒரு வார்த்தைகூட சத்யப்பிரியாவைக் கேட்கவில்லை.

"ருமைசா பேரத்தான் குடுத்திருக்கேன். உனக்குக் குடும்பம் பெரம்பலூர்ல இருக்கு. உன்னால போக முடியாதுல்ல?" என்றார்.

முடியாதுதான். ஆனால் முடியாது என்று சொல்வதற்காவது கேட்டிருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை ருமைசா லீவு போட்டாள். அவளுடைய பெரியத்தா மகன் தவ்ஹீதுக்கு நிக்காஹ். சத்யப்பிரியா காலையிலேயே வந்து உட்கார்ந்தாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் ஆட்கள் உள்ளே வருகிற நேரம். டைரக்டரியைத் திறந்தாள். ருமைசா உண்டாக்கிய அந்தக் குரூப்பைத் தேடி எடுத்தாள். யோசனை இதுதான்: இதை அழித்துவிட்டால் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர்களுக்கு ஒன்றும் திறக்காது. போன் அடிக்கும். கொஞ்ச நேரம் அடிக்கட்டும். பிறகு, அழித்ததை உள்ளே இருந்த ஆட்களோடு முழுசாகத் திருப்பிக் கொடுக்கும் குப்பைத்தொட்டி என்கிற வசதியிலிருந்து எடுத்துப் பழையபடி வைத்துவிட்டால் தீர்ந்தது. அந்தப் பெண் கட்டி வைத்தது நிற்கவில்லை, நம்ம சத்யாதான் வந்து தூக்கி நிறுத்தினாள் என்று பேச்சாகும். அன்றைக்கு ருமைசா அழிந்த பேர்களையெல்லாம் மீட்டுக் கொண்டுவந்ததைப் பார்த்திருந்தாள் அல்லவா? அதனால் குப்பைத்தொட்டி வசதி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று நினைத்தாள். அதை ருமைசாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கத்தான் வாய் வரவில்லையே.

அழித்தாள். நிஜமாகவே அழிக்க வேண்டுமா என்று கேட்டது. ஆமாம் என்றாள்.

போன் அடித்தது. முதலில் பூமாலை. சரக்கு அனுப்பும் பிரிவின் சூப்பர்வைசர்.

"யம்மா சத்யா, ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது. லோடிங் சீட்டு எடுக்க முடியல."

"பாக்குறேண்ணே" என்று சொல்லிவிட்டுக் காபி வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது இன்னும் இரண்டு பேர் கூப்பிட்டிருந்தார்கள். இது போதும் என்று குப்பைத்தொட்டியைத் தேடினாள்.

தொட்டியே இல்லை. அந்த வசதியை இந்த ஆலையில் யாரும் எப்போதும் இயக்கி வைத்திருக்கவே இல்லை. அன்றைக்கு ருமைசா பேர்களைத் தேடி எடுத்த மூலை வேறு, அதற்குள் போகும் வழி இவளுக்குத் தெரியாது.

அதே பேரில் புதுக் குரூப் ஒன்றை உண்டாக்கினாள். பலிக்காது என்று அவளுக்கே தெரியும். பேர் அதேதான், ஆனால் எண் புதிது. நூற்றுக்கணக்கான ஃபோல்டர்களில் பழைய குரூப்பின் பேர் இருந்த இடத்தில் இப்போது ஒரு நீள எண் மட்டும் நின்றது. புதிதாக வந்த குரூப்பை எந்தக் கதவும் அறியவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை லாரிகள் நின்றன. டிரைவர்கள் இறங்கி லாரி நிழலில் குந்தியிருந்தார்கள். சிலர் கேட் செக்யூரிட்டியிடம் கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேறு வழியில்லை. ருமைசாவுக்கு போன் போட்டாள்.

பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம். யாரோ பந்திக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அக்கா, சொல்லுங்க. இருங்க, கொல்லப் பக்கம் வரேன். இப்ப சொல்லுங்க."

"டெஸ்பாட்ச் குரூப்பக் காணோம் ருமைசா."

"காணோம்னா?"

"காணோம்."

அந்தப் பக்கம் ருமைசா யாரிடமோ வண்டிச் சாவி கேட்டாள். பிறகு, "லேப்டாப் வண்டியிலதான் இருக்கு. எடுத்துட்டு வரேன். போன வச்சிராதீங்க" என்றாள்.

பட்டுச் சேலையும் மருதாணிக் கையுமாக அவள் எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்து, லேப்டாப் வழியே ஆலையின் டைரக்டரிக்குள் நுழைந்திருக்க வேண்டும். அழிந்தவை கிடக்கும் மூலையில் குரூப் கிடந்தது. "அல்ஹம்துலில்லாஹ். எண் அப்படியே இருக்கு அக்கா" என்றாள். சத்யப்பிரியா உண்டாக்கிய புதுக் குரூப்பைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அதை எடுத்துவிட்டு, பழையதை உயிர்ப்பித்தாள். ஃபோல்டர்களில் எண் மறைந்து பேர் வந்து உட்கார்ந்தது. ஆனால் திரும்பி வந்தது வெறும் கூடுதான். உள்ளே இருந்த ஆட்கள் ஒருவரும் இல்லை.

"யார் யாரு இருந்தாங்கன்னு எனக்கு முழுசாத் தெரியாதே. ஹெச்ஆர்ல கேக்கணும், இன்னிக்கு அங்க யாரும் இருக்க மாட்டாங்க" என்றாள் ருமைசா. அவள் குரலில் முதன்முதலாக ஒரு தடுமாற்றம்.

"எனக்குத் தெரியும். நான் போடுறேன்" என்றாள் சத்யப்பிரியா.

ஷிப்ட் ஷிப்டாக நினைத்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சேர்த்தாள். போன மாதம் எடைமேடைக்கு மாற்றப்பட்டவனை விட்டுவிட்டாள். பிரசவ லீவில் இருந்த பெண்ணை மறக்காமல் போட்டாள். போன் காதிலேயே இருந்தது. எல்லாரையும் ஒருமுறை கம்ப்யூட்டரிலிருந்து வெளியேறித் திரும்ப உள்ளே வரச் சொல்லுமாறு மேசை போனில் பூமாலையிடம் சொன்னாள். முதல் லாரி நகர்ந்தது.

அதற்குப் பிறகுதான் ருமைசா அந்தப் பேச்சை எடுத்தாள். "யார் அழிச்சாங்கன்னு சர்வர்ல பதிவாகியிருக்கும் அக்கா. நான் பாக்கல."

"ம்."

"பாக்கவும் மாட்டேன். சாப்புட்டீங்களா?"

சத்யப்பிரியா போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை அமிர்தலிங்கம் இருவரையும் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். சத்யப்பிரியா வாயைத் திறப்பதற்கு முன்பே ருமைசா, "ஏதோ தப்பா டெலீட் ஆயிடுச்சு சார். ரெகவர் பண்ணிட்டோம். அக்கா இல்லன்னா அன்னிக்கு நாள் முழுக்க லாரி நின்னிருக்கும். அத்தன பேரையும் மனசுலேருந்தே எடுத்துப் போட்டாங்க" என்றாள்.

அமிர்தலிங்கம் சத்யப்பிரியாவைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். மதியத்துக்குள் ஆலை முழுக்கப் பரவிவிட்டது. பூமாலை நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். எதற்கு ஆசைப்பட்டு அழித்தாளோ அது அப்படியே கிடைத்தது. அந்த நல்ல பேரை ருமைசாவே தன் கையால் எடுத்துப் பரிமாறினாள். முதல் நாள் பேரீச்சம்பழத்தை நீட்டிய அதே கை, அதே முகம். சத்யப்பிரியாவால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை.

திறமையில் தோற்றதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். திறமை படிப்பால் வருவது, துபாயில் கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல மனசிலும் அவளே முந்திவிட்டால்? வாழ்நாள் முழுக்க அவள் கொடுத்த பிச்சையை மடியில் கட்டிக்கொண்டு அலைய வேண்டுமா?

சாயங்காலம் பஸ்ஸுக்கு எல்லாரும் கிளம்பும்போது அமிர்தலிங்கத்தின் அறைக்குள் போனாள்.

"சார், அந்தக் குரூப்ப அழிச்சது நான். தவறி இல்ல. தெரிஞ்சே அழிச்சேன். ருமைசாவுக்கு அது தெரியும். எனக்காக மறைச்சா."

அமிர்தலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எதுக்கும்மா?"

"பொறாமை சார்."

அதை உண்மை பேச வேண்டும் என்கிற எண்ணத்தில் அவள் சொல்லவில்லை. அந்த நல்ல பேரும் ருமைசாவுக்கே போய்விடக் கூடாது என்றுதான் சொன்னாள். வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. ஜெயித்த மாதிரிகூட இருந்தது. கம்பெனி பஸ் போய்விட்டது. டவுன் பஸ் பிடித்து, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மாறி, நின்றுகொண்டே பெரம்பலூர் வந்து சேர்ந்தாள். வழியில்தான் பயம் வந்தது.

"வேல போனா போவட்டும். கடையில கணக்குப் பாக்க ஆள் வேணும்" என்றான் ரஞ்சித்குமார். பிறகு, "அந்தப் பொண்ணு அப்படி என்னதான் பண்ணுச்சு ஒன்ன?" என்று கேட்டான்.

"ஒண்ணும் பண்ணல. அதாங்க பிரச்சின."

வேலை போகவில்லை. மெமோ வந்தது. டைரக்டரியைத் தொடும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டு, எடைமேடைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும்படி அனுப்பினார்கள். தகரக் கொட்டகை, லாரிப் புழுதி. ஒருவருக்குக் கணக்கு பூட்டிக்கொண்டால்கூட அவளால் திறக்க முடியாது. சென்னைக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். சென்னைக்குப் போய்ச் சேர்ந்து இப்போது அந்த வேலையைப் பார்ப்பவள் ருமைசா. போன ஒரு நிமிடத்தில் பதில் வரும். தாமதமாக வந்தால்கூடக் குறை சொல்லலாம். அதற்கும் வழி இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அமிர்தலிங்கம் கூப்பிட்டனுப்பினார். உரிமையைத் திருப்பிக் கொடுத்து, பழைய இடத்துக்கே வரச் சொன்னார். "சென்னையிலேருந்து சொன்னாங்க. ருமைசாதான் எழுதியிருக்கா. நீ இல்லாம இந்த பிளாண்ட் ஓடாதாம்."

அன்று மதியம் சத்யப்பிரியா தானாகவே அவளுக்கு போன் செய்தாள். நன்றி சொல்லத்தான் செய்தாள். ஆனால் வாயிலிருந்து வேறு வந்தது.

"ஏன் ருமைசா, உனக்கு என் மேல கோவமே வராதா? மனுசிதானே நீ?"

ருமைசா சிரிக்கவில்லை. "கோவம் வராம என்ன அக்கா? கல்யாண வூட்டுல நான் சாப்புடவே இல்ல அன்னிக்கு. உங்களக் கண்டமேனிக்குத் திட்டினேன், மனசுக்குள்ள."

"அப்பறம் ஏன் மறைச்ச?"

"சொன்னா எல்லாரும் உங்க பக்கம்தான் நிப்பாங்கன்னு பயம். நெசமாத்தான். பூமாலையண்ணன் பொண்ணு சடங்குக்கு மொத பத்திரிகை உங்களுக்குத்தான் வச்சாரு. நான் பக்கத்துல நிக்குறேன். 'நீயும் வாம்மா'ன்னு போற போக்குல சொல்லிட்டுப் போறாரு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? வந்த நாள்லேருந்தே உங்க மேல பொறாமைதான் அக்கா எனக்கு. உங்களுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

சத்யப்பிரியா நின்ற இடத்திலேயே நின்றாள். எடைமேடையில் ஒரு லாரி ஏறி அதிர்ந்தது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெல்ல இளகி, முகமெல்லாம் பரவியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அது சந்தோசம்தான். வேலை திரும்பக் கிடைத்ததற்குக்கூட அவ்வளவு சந்தோசம் வரவில்லை.

கொட்டகைக்குள் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பறம்?" என்றாள். "வேற எதுக்கெல்லாம் பட்ட? ஒண்ணு விடாம சொல்லு."